ஊர் கூடி அமைத்த பனிப்பாதை

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. பனி மூடிய சுவீடன் நாட்டிலும் ஓர் ஊர் மக்கள் இவ்வுண்மையை மெய்ப்பித்துள்ளனர். அவ்வரலாற்றை இங்குக் காண்போம்.

நீண்டு ஒடுங்கிய இரு பலகைகளைக் காலணிகளில் பூட்டி, இரு கோல்களை ஊன்றிப் பனியின்மேல் வழுக்கிச் செல்வதே பனிச்சறுக்கு. குளிர்காலத்தில் பாதைகள் பனியால் மூடுண்டபோது, அந்நாட்டு மக்கள் இவ்வாறே காடு மலை கடந்து சென்றனர்.

1909ஆம் ஆண்டில் மோரா என்னும் சிற்றூரில் ஐ.எஃப்.கே. மோரா என்ற விளையாட்டுச் சங்கம் தோன்றியது. கஸ்டாவ் வாசா என்பவர் டென்மார்க் மன்னனின் கொடுமையை எதிர்த்துப் போராட அவ்வூராரை அழைத்தார். அவர்கள் முதலில் தயங்கினர். மனமுடைந்து சென்றவரைப் பின்னர்ப் பனிச்சறுக்கு வீரர் இருவர் சேலன் அருகே கண்டு, திரும்ப அழைத்து வந்தனர் என்பது வழிவழிச் செய்தி. 1523இல் அவர் அரசரானார்.

அந்நிகழ்ச்சியின் நினைவாக, சேலனிலிருந்து மோரா வரை 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி நடத்தலாம் என 1922இல் ஆண்டர்ஸ் பேர்ஸ் என்னும் இதழாசிரியர் எழுதினார். சங்கம் அப்பணியை ஏற்றது. அவ்வாண்டு மார்ச்சு 19ஆம் நாள் 119 பேர் புறப்பட்டனர். எர்ன்ஸ்ட் ஆல்ம் 7 மணி 32 நிமிடம் 49 வினாடியில் வென்றார். அதுவே 'வாசாலோப்பெட்' போட்டியாகும்.

இன்று அப்போட்டியில் பல்லாயிரவர் பங்கேற்கின்றனர். மோரா, சேலன் ஆகிய ஈரூர்ச் சங்கங்களும் இணைந்து அதனை நடத்துகின்றன. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பாதையில் நின்று உதவுகின்றனர். வழியிலுள்ள ஏழு நிலையங்களில் புளூபெரி என்னும் காட்டுப் பழத்தாலான சூடான பானம் வழங்குகின்றனர். அவர்தம் உழைப்பின் பயன் ஊர்ச் சங்கங்களுக்கும் இளையோர் விளையாட்டுக்கும் சேர்கின்றது. பனி போதாமையால் 1932, 1934, 1990 ஆகிய ஆண்டுகளில் போட்டி நடைபெறவில்லை. எனினும் ஊராரின் ஊக்கம் குன்றவில்லை.

இவ்வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. 1923இல் மார்கித் நூர்தின் என்னும் மங்கை முழுத் தொலைவையும் கடந்து, முதற்பெண் என்ற சிறப்பைப் பெற்றார். மறு ஆண்டே பெண்கள் பங்குபெறத் தடை விதிக்கப்பட்டது. பெண்ணால் இயலும் என்பது கண்முன்னே மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும், கதவு அடைக்கப்பட்டது! 1981இல்தான் அத்தடை நீங்கியது. இடையில் கழிந்தவை 57 ஆண்டுகள்.

இதனால் நாம் அறிவது யாது? பலர் கூடி உழைத்தால் சிற்றூரும் பெரும்பணி ஆற்றலாம். ஆனால் வடம் பிடிக்க வருவோருள் ஒரு சாராரை விலக்கினால் அது ஊர் கூடிய தேர் ஆகாது. நம் பள்ளியிலும் மன்றங்களிலும் ஆணும் பெண்ணும் ஒருங்கே உழைப்போம். உழைப்பின் பெருமையையும் ஒருங்கே பெறுவோம்.

சிந்திக்க:
1. வாசாலோப்பெட் போட்டி எந்நிகழ்ச்சியின் நினைவாகத் தோன்றியது?
2. தொண்டர்கள் ஆற்றும் பணிகள் யாவை?
3. 1924இல் விதிக்கப்பட்ட தடை முறையானதா? காரணம் கூறுக.