தப்பு நோட்டு சேரட்டும், பிறகு ட்யூட்டர்

அன்பு மருமகனுக்கு,

ஜி.ஆர்.இ. தேர்வுக்குத் தனியாக ஒரு ட்யூட்டர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று அக்காவும் போனில் சொன்னாள். அவள் அப்படித்தான் சொல்வாள். நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுவாள் என்பது உனக்கும் தெரியும். இந்தத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனாலேயே உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. ட்யூட்டரால் பலன் உண்டு. ஆனால் இன்றைக்கு உனக்கு அவர் வேண்டாம். அவரிடம் காட்டுவதற்கு உன் கையில் தப்புகள் சேரட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. நீ விண்ணப்பிக்கப்போகும் ஒவ்வொரு துறையின் இணையதளத்தையும் திறந்து, இந்தத் தேர்வை அவர்கள் கேட்கிறார்களா என்று பார். கொரோனா காலத்தில் பல அமெரிக்கத் துறைகள் இதைக் கைவிட்டன. சில துறைகள், அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்றே எழுதி வைத்திருக்கின்றன. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. உன் பட்டியலில் யாருமே கேட்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை இதோடு மடித்து வைத்துவிட்டு, விண்ணப்பத்துக்கான நோக்கக் கட்டுரையை (எஸ்.ஓ.பி.) எழுத உட்கார்.

கேட்கிறார்கள் என்றால், தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொள். 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு சுருங்கிவிட்டது. மொத்தமே 1 மணி 58 நிமிடம். கணக்கில் இரண்டு பகுதிகள், 27 கேள்விகள், 47 நிமிடம். ஆங்கிலத்திலும் 27 கேள்விகள், 41 நிமிடம். ஒரு கட்டுரைக்கு 30 நிமிடம். முதல் பகுதியை நீ எப்படிச் செய்தாய் என்பதைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். அதனால் முதல் பகுதியில் அவசரத்தில் விடும் தப்பு அதிகம் வலிக்கும். தப்புக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எந்தக் கேள்வியையும் காலியாக விடாதே. இதையெல்லாம் தேர்வு நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே இலவசமாக விளக்கியிருக்கிறது. கணக்கு அடிப்படைகளுக்கு ஒரு கையேடு, பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகள், கட்டுரைத் தலைப்புகளின் முழுப் பட்டியல் எல்லாமே அங்கே கிடைக்கின்றன. இவற்றை வாசித்துக் காட்டுவதற்காக ஒருவருக்கு மணிக்கணக்கில் பணம் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்படியானால் ட்யூட்டர் எதற்கு? ஒரு கேள்வியை வைத்துச் சொல்கிறேன். x² = 9 என்று கொடுத்திருப்பார்கள். ஒரு பக்கம் x, இன்னொரு பக்கம் 3. எது பெரியது, அல்லது இரண்டும் சமமா, அல்லது சொல்லவே முடியாதா? நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் பலர் ‘சமம்’ என்று அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். x என்பது −3 ஆகவும் இருக்கலாம், எனவே ‘சொல்ல முடியாது’ என்பதுதான் விடை.

விடைத்தாளைப் பார்த்தால் தப்பு என்று மட்டும் தெரியும். ஏன் தப்பு என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்திக்கு மைனஸ் மூன்று நினைவுக்கே வரவில்லை; அவள் எந்தக் கேள்வியிலும் மைனஸ் எண்ணையோ பூஜ்ஜியத்தையோ பின்னத்தையோ போட்டுப் பார்ப்பதில்லை. இன்னொருவனுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் கேள்வியைப் பாதி படித்ததும் கை விடைக்குப் போய்விடுகிறது. மூன்றாவது பிள்ளை முந்தைய கேள்வியில் நான்கு நிமிடம் மாட்டிக்கொண்டு, அந்தப் பதற்றத்தை இங்கே கொண்டுவந்திருக்கிறான். முதலாமவளுக்குக் கணக்குப் பயிற்சி வேண்டும். இரண்டாமவனுக்கு நிதானம் வேண்டும். மூன்றாமவன் கடினமான கேள்வியைக் குறித்து வைத்துவிட்டு நகரக் கற்றுக்கொள்ள வேண்டும். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் மூவருக்கும் ஒரே மருந்துதான் கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, உன் பேனா எங்கே நிற்கிறது என்று பார்க்கிற ஒருவரால்தான் மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியும். பணம் அந்தப் பார்வைக்குத்தான்.

பாதி வேலையை நீயே செய்துகொள்ளலாம். ஒரு நோட்டுப் போடு. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, அந்த நேரத்தில் என்ன நினைத்து அந்த விடையை அழுத்தினாய் என்று அன்றைக்கே எழுது. சரியான வழி என்ன என்பது அதற்கு அடுத்தபடிதான். சில வாரம் போனால் ஒரே தப்பு வேறு வேறு உருவத்தில் வருவது உனக்கே தெரியும். தெரிந்தும் திருத்த முடியாமல் நிற்கிற இடம் ஒன்று வரும். அங்கேதான் ஆள் தேவை. பெரும்பாலும் சில அமர்வுகளே போதும், நான்கு மாத பேக்கேஜ் தேவைப்படாது.

விளம்பரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எங்களிடம் வந்தவர் 305-இலிருந்து 322-க்குப் போனார்’ என்பார்கள். பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் யாரிடமும் போகாமல் படித்து இரண்டாம் முறை எழுதுகிறவருக்கும் மதிப்பெண் கூடுவது வழக்கம். ட்யூட்டர் இல்லாமல் எவ்வளவு கூடியிருக்கும் என்பதைக் கழித்துப் பார்த்தால்தான் அவர் பங்கு தெரியும். எஸ்.ஏ.டி. தேர்வுக்கு இப்படிக் கழித்துப் பார்த்து 1999-இல் பவர்ஸ், ராக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயிற்சியால் கூடியது சிறிதளவே, பயிற்சி நிறுவனங்கள் சொல்லிக்கொள்வதைவிட மிகக் குறைவு என்பது அவர்கள் கண்டது. அவர்கள் இருவரும் இ.டி.எஸ்.ஸில் இருந்தவர்கள் என்பதையும், அது வேறு தேர்வு என்பதையும் மனதில் வைத்துக்கொண்டே இதை எடுத்துக்கொள்.

ஆங்கிலப் பகுதியில் ட்யூட்டரை நம்பி ஏமாறாதே. எதிர்ச்சொல் கேள்விகள் 2011-இலேயே போய்விட்டன. வெறும் சொல்பட்டியலை உருப்போடுவது முன்போல் கைகொடுக்காது. இப்போது வருவது வாக்கியத்தின் போக்கைப் பிடிக்கிற கேள்விகள். மூன்று கோடிட்ட இடங்களில் இரண்டைச் சரியாக நிரப்பி ஒன்றை விட்டாலும் மதிப்பெண் கிடையாது. அதற்குத் தினமும் கனமான ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் படித்து, ஆசிரியர் எதை ஒப்புக்கொள்கிறார், எதை மறுக்கிறார் என்று பார்க்க வேண்டும். உனக்காக வேறு யாரும் படிக்க முடியாது. தேர்வுக் கட்டுரைக்கு மட்டும் இன்னொரு கண் அவசியம். உன் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியரிடம் மரியாதையாகக் கேட்டால் இரண்டு மூன்று கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்க மாட்டாரா?

ஆள் தேடும் நேரம் வந்தால், முதல் சந்திப்பிலேயே நோட்டை அவர் முன் வை. அதைப் புரட்டிக் கேள்வி கேட்கிறவரை வைத்துக்கொள். நோட்டை ஒதுக்கிவிட்டுத் தன் பாடத்திட்டத்தை எடுத்து விரிக்கிறவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் தருகிறவரிடம் போகவே வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பவர்பிரெப் முதல் தேர்வை ஒரே மூச்சில் எழுது. இரண்டாவதைக் கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொள். மதிப்பெண்ணையும் தப்பு நோட்டின் முதல் பக்கங்களையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கணக்கில் நான் பார்க்க வேண்டியதை நானே பார்க்கிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் கட்ட வேண்டாம் என்று அக்காவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

அன்புடன்,
மாமா