பகுதியில் எந்த எண்?

எட்டாம் வகுப்பில் சதவீதம் நடத்தும்போது லாப நட்டக் கணக்குகளையே திரும்பத் திரும்பப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. பழ வியாபாரியும் மிதிவண்டிக் கடைக்காரரும் வராத கணக்கு ஒன்றைத் தேடியபோது கிடைத்ததுதான் மருத்துவமனை. காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ யாராவது ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திராத வீடு நம் மாணவர்களிடம் ஏது? ‘உள்நோயாளி’, ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொற்களை விளக்கவே தேவையில்லை. ‘படுக்கை நாள்’ மட்டும் அவர்களுக்குப் புதிது. ஒரு நோயாளி ஒரு நாள் ஒரு படுக்கையில் இருந்தால் அது ஒரு படுக்கை நாள்.

கரும்பலகையில் இரண்டு மருத்துவமனைகளை எழுதினேன். எண்கள் நானே கற்பித்துக்கொண்டவை. இரண்டிலும் 100 படுக்கைகள், 30 நாள் கொண்ட மாதம். ஆகவே ஒவ்வொன்றிலும் மொத்தம் 3,000 படுக்கை நாள்கள். அ மருத்துவமனையில் 2,400 படுக்கை நாள்கள் பயன்பட்டன. மாதச் செலவு 24,00,000 ரூபாய். ஆ மருத்துவமனையில் 2,700 படுக்கை நாள்கள். செலவு 21,60,000 ரூபாய். எது சிக்கனமாக, திறமையாக நடக்கிறது?

பிள்ளைகள் விறுவிறுவென்று போட்டுவிட்டார்கள். படுக்கைப் பயன்பாடு அ-வில் 80 சதவீதம், ஆ-வில் 90 சதவீதம். ஒரு படுக்கை நாளுக்கான செலவு அ-வில் 1,000 ரூபாய், ஆ-வில் 800 ரூபாய். வகுப்பே ஆ பக்கம் கை தூக்கியது. ஒரு மாணவி மட்டும், “எத்தனை பேரு குணமாகி வீட்டுக்குப் போனாங்க சார்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். அ-வில் 600 பேர், ஆ-வில் 300 பேர் என்று எழுதினேன். இப்போது ஒரு நோயாளிக்கான செலவு அ-வில் 4,000 ரூபாய், ஆ-வில் 7,200 ரூபாய். அ-வில் ஒருவர் சராசரியாக 4 நாள் தங்குகிறார், ஆ-வில் 9 நாள். கை தூக்கியவர்கள் எல்லாம் மெதுவாக இறக்கிக்கொண்டார்கள்.

தொகுதியில் அதே ரூபாய்தான் இருக்கிறது. பகுதியில் ‘நாள்’ இருந்த இடத்தில் ‘ஆள்’ வந்ததும் விடை தலைகீழாகிவிட்டது. ஒருவரைத் தேவைக்கு மேல் கூடுதலாக இரண்டு நாள் படுக்க வைத்தால் ஒரு நாளுக்கான செலவு குறைந்ததுபோலத் தெரியும். நோய் தீரும் கட்டத்தில் இருப்பவருக்கு மருந்தும் கவனிப்பும் குறைவாகத்தானே வேண்டும்!

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் இதில் தடுமாறவில்லை. மருத்துவமனைகள் எல்லாம் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு வைக்க வேண்டும் என்று 1860-இல் லண்டனில் நடந்த பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டில் முன்மொழிந்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கேந்திய செவிலியராகவே பாடப்புத்தகங்கள் அவரைக் காட்டுகின்றன. அவர் கணக்கில் எவ்வளவு தேர்ந்தவர் என்பதை நாம் சொல்லித்தருவதில்லை. மருத்துவமனைகள் பற்றிய அவருடைய நூலின் 1863-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் அட்டவணை உண்டு. புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் தொகுத்த எண்கள் அவை. லண்டனின் 24 மருத்துவமனைகளில் உள்நோயாளிகள் 4,214 பேர், இறப்புகள் 3,828, இறப்பு விகிதம் 90.84 சதவீதம்! மாவட்ட மருத்துவமனைகளிலோ 39.41 சதவீதம்தான்.

லண்டன் மருத்துவர்கள் கொதித்துப் போனார்கள். காரணம் பகுதியில் இருந்தது. 3,828 என்பது ஆண்டு முழுவதும் இறந்தவர்கள். 4,214 என்பது 1861 ஏப்ரல் 8 அன்று, அந்த ஒரு நாளில், படுக்கையில் இருந்தவர்கள். ஒருவர் சராசரியாக 36 நாள் தங்கினார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒரு படுக்கைக்கு ஆண்டில் சுமார் 10 பேர் வந்து போயிருப்பார்கள். பகுதி 42,140 ஆகிறது; விகிதம் 9 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஃபார் கணக்குத் தெரியாதவர் அல்லர். நோயாளி படுக்கையில் இருக்கும் காலத்தை அளவாகக் கொண்டு ஆபத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் ‘நூறு நோயாளிகளில் தொண்ணூறு பேர் இறக்கிறார்கள்’ என்றல்லவா படிப்பவர் எடுத்துக்கொள்வார்? போதாக்குறைக்கு, கடுமையான நோயாளிகள் பெருநகரத்துக்கு வந்து சேருவார்கள் என்பதையும் அந்த அட்டவணை காட்டவில்லை.

இதே குறை என் கரும்பலகைக் கணக்கிலும் இருந்தது. ஆ மருத்துவமனைக்கு வந்தவர்கள் எல்லாம் தொடை எலும்பு முறிந்தவர்கள், அ-வுக்கு வந்தவர்கள் காய்ச்சல்காரர்கள் என்றால் 7,200-ஐயும் 4,000-ஐயும் ஒப்பிடவே கூடாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஃபெட்டர், தாம்ஸன் என்ற இருவர் நோயாளிகளை நோய்வகை வாரியாகப் பிரிக்கும் முறையை உருவாக்கினார்கள். முதியோருக்கான அந்நாட்டு அரசுக் காப்பீடான மெடிகேர், 1983-இல் அதை ஏற்று, தங்கும் நாளைப் பார்க்காமல் நோய்வகைக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்குப் பணம் தரத் தொடங்கியது. தங்கும் நாள்கள் குறைந்தன. கூடவே, முழுதாகத் தேறுமுன்பே வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்ற கவலையும் எழுந்தது. 30 நாள்களுக்குள் நோயாளிகள் அளவுக்கு மீறித் திரும்பி வந்து சேர்ந்தால் மருத்துவமனைக்குத் தரும் தொகையைக் குறைப்பது என்ற ஏற்பாடு 2012-இல் வந்தது.

“அப்ப செலவைக் குறைக்கிறவங்க எல்லாம் ஏமாத்துறவங்களா சார்?” என்றான் ஒருவன். இல்லை என்பதற்கு மதுரையைக் காட்டினேன். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், மருத்துவர் ஒரு மேசையில் கண்புரை அறுவை செய்யும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். அந்த ஆயத்த வேலைகளைப் பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே மிச்சமாவது மருத்துவரின் நிமிடம். நோயாளிக்குரிய கவனிப்பு குறைவதில்லை. வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வாங்கிய கண்ணுள் லென்ஸையும் 1992 முதல் அவர்களுடைய ஆரோலேப் மலிவாகத் தயாரித்தது.

இதற்கு இரண்டு பாடவேளை ஆகும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் எடுப்பவர்கள் இன்னொரு கேள்வியைச் சேர்க்கலாம். அ-வில் அந்த மாதம் சேர்ந்த 600 பேரில் சிலர் அதே நோய்க்காக இரண்டாம் முறை வந்தவர்கள். அவர்களைத் தனி ஆளாக எண்ணக்கூடாது. எத்தனை பேர் அப்படித் திரும்பி வந்திருந்தால் அ-வின் ஆள்வீதச் செலவு ஆ-வின் 7,200 ரூபாயைத் தாண்டும்? சமனிலி அமைத்தால் 267 என்று வரும். என் வகுப்பில் விடை கண்டுபிடித்ததும் முதலில் எழுந்த கேள்வி, “ஆ-வுல திரும்பி வந்தவங்க எத்தனை பேரு சார்?” என்பது. அந்த எண்ணை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.