உறங்கியவனுக்கு யார் சாட்சி?

“நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறான்” என்று நம் வீடுகளில் மகிழ்ந்து சொல்வதுண்டு. மருத்துவ நூலோர் அவ்வாறு மகிழ்வதில்லை. உரத்த குறட்டைக்கு நடுவே மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ நின்று, பின் திணறலுடன் திரும்புவதை அவர்கள் ‘ஸ்லீப் ஆப்னியா’ என்பர். உறக்க மூச்சுத்தடை என நாம் கூறலாம். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதே பெரும்பாலும் இதன் காரணம். மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 30 முறையை எட்டினால் நோய் கடுமையானது. இரவெல்லாம் அரைகுறையாக விழித்தெழும் மூளை பகலில் சோர்ந்து கிடக்கும். இரத்த அழுத்தமும் உயரும்.

அமெரிக்க நாட்டில் இந்நோய் சட்டத்தின் வாயிலையும் தட்டுகிறது. அங்குள்ள முன்னாள் படைவீரர்கள், பணியால் நேர்ந்த நோய்க்கும் ஊனத்துக்கும் மாதந்தோறும் இழப்பீடு கேட்கலாம். நிர்வாகச் சட்டம் பயிலும் மாணவன் என்ற முறையில், இவ்வழக்குகளில் என்னை ஈர்த்தது ஒரே ஒரு வினா. தன் நோயைத் தானே காண முடியாத ஒருவன் அதனை எவ்வாறு மெய்ப்பிப்பான்?

விண்ணப்பதாரர் மூன்றைக் காட்ட வேண்டும்: இன்று நோய் உள்ளது, பணிக்காலத்தில் ஒரு நிகழ்வோ அறிகுறியோ இருந்தது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு. முதலாவது எளிது. உறக்க ஆய்வுக் கூடத்தில் ஓரிரவு படுத்தெழுந்தால் கருவிகள் சொல்லிவிடும். இரண்டாவதில்தான் பலரும் இடறி விழுகின்றனர்.

வியத்நாம் போரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் படைகள் அங்கிருந்து வெளியேறியது 1973-இல். உறக்கத்தில் மூச்சு நிற்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1965-இல்தான் தெளிவாகப் பதிவு செய்தனர். நோய்க்கு இன்று வழங்கும் பெயரை கில்மினோ என்னும் அறிஞர் 1976-இல் சூட்டினார். முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் ‘சீபேப்’ கருவி, ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் ஆய்வின் பயனாக 1981-இல்தான் உலகறிய வெளிவந்தது. பெயரே பிறவாத நோயை 1968-இல் ஒரு படை மருத்துவர் ஏட்டில் எப்படி எழுதியிருப்பார்? ஏட்டில் இல்லாததால் நோயும் இல்லை என்று ஓர் அதிகாரி தீர்ப்பாரானால், அது காலத்தை மறந்த தீர்ப்பே ஆகும்.

எனவே வழக்கு சாட்சிகளை நாடுகிறது. உறங்கியவன் சாட்சி ஆகான். அருகில் விழித்திருந்தவரே சாட்சி. பாசறையில் அடுத்த கட்டிலில் படுத்த தோழன், “இவன் மூச்சு நின்றுவிட்டதோ என்று அஞ்சி உலுக்கி எழுப்பினேன்” என எழுதித் தரலாம். பணிக்காலத்திலேயே மணந்த மனைவியும் எழுதலாம். நோயின் பெயரைச் சொல்லும் தகுதி இவர்களுக்கு இல்லை. கண்டதையும் கேட்டதையும் சொல்லும் தகுதி உண்டு. அக்கால மருத்துவ ஏடு இல்லை என்பதை மட்டுமே காரணமாக்கி இத்தகைய சாட்சியத்தைத் தள்ளிவிடலாகாது என்று அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2006-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அதே நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில், பணி முடிந்தபின் நெடுங்காலம் மருத்துவரிடம் முறையிடாமல் இருந்ததையும் கணக்கில் கொள்ளலாம் என்றிருந்தது. இவ்விரண்டுக்கும் இடையில்தான் பெரும்பாலான வழக்குகள் ஊசலாடுகின்றன.

ஊசல் நடுவில் நின்றுவிட்டால்? சான்றுகள் இருபுறமும் ஏறக்குறைய சமமாயின், ஐயத்தின் பயன் படைவீரருக்கே உரியது என்பது சட்டம். 1990-இல் ஒரு தீர்ப்பு இதனைச் சிறுவர்கள் ஆடும் பேஸ்பால் விதிக்கு ஒப்பிட்டது: பந்தும் ஓடுபவனும் ஒரே நேரத்தில் வந்தால் ஓடுபவனுக்கே வெற்றி. நீதிபதிகளும் இளமையில் ஆடியிருப்பார்கள் போலும்!

மூன்றாவதான தொடர்பை மருத்துவரே கூற வேண்டும். வெறும் முடிவு போதாது, காரணமும் வேண்டும். நேர்வழி அடைபட்டால் சுற்றுவழியும் உண்டு. முன்பே பணிசார்ந்தது என ஏற்கப்பட்ட வேறொரு நோய் இதனை விளைவித்தது, அல்லது மோசமாக்கியது எனக் காட்டலாம். முழங்கால் காயத்தால் நடை குறைந்து, உடல் பருத்து, அப்பருமனால் மூச்சுத்தடை வந்தது என்னும் சங்கிலியையும், பருமன் தனியே இழப்பீட்டுக்குரிய ஊனம் அன்று எனினும், இடைக் கண்ணியாக ஏற்கலாம் என 2017-இல் அத்துறையின் சட்ட ஆலோசகர் கருத்துரைத்தார்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் என்ன செய்வது? 1988-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன், பொதுவாக முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்தின் முடிவே இறுதி. அச்சட்டமே இதற்கெனத் தனி நீதிமன்றத்தைத் தந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் மூன்று வழிகளைத் திறந்தது: புதிய சான்றுடன் மீண்டும் கேட்பது, அதே சான்றை மூத்த அதிகாரி பார்ப்பது, வாரியத்துக்குச் செல்வது. பாசறைத் தோழனின் கடிதம் பின்னர்தான் கிடைத்தது என்றால் மூத்த அதிகாரியிடம் போய்ப் பயனில்லை. அவர் புதிய தாள் எதையும் பார்க்க மாட்டார். ஓராண்டுக்குள் அடுத்த அடி வைத்தால் முதல் விண்ணப்ப நாளிலிருந்தே தொகையைக் கேட்கும் உரிமை காக்கப்படும்.

இத்தனை போராட்டமும் விழுக்காட்டுக்காக. 1996-இல் வந்த பட்டியல், ஆய்வில் நோய் தெரிந்தும் அறிகுறி இல்லையேல் 0, பகலில் நீங்காத தூக்கம் இருந்தால் 30, சீபேப் போன்ற கருவி தேவைப்பட்டால் 50, மூச்சுக்குழலில் துளையிடும் நிலை வந்தால் 100 என வகுத்தது. கருவி தேவை என்பதற்கே 50 ஏன் என்ற கேள்வி எழுந்தது. கருவியால் நலமடைந்தவருக்கு 0 என மாற்றலாம் என்று 2022 பிப்ரவரியில் துறை முன்மொழிந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. முகமூடியின்றி ஓரிரவும் நிம்மதியாக உறங்க முடியாதவரை நலமுற்றவர் என்பதெப்படி? ஆயினும் ஒன்று: நோயே குறைந்தாலன்றி, பட்டியல் மாறியதை மட்டும் காட்டி ஏற்கெனவே அளித்த விழுக்காட்டைக் குறைக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தரவில்லை.