இரண்டு துளைகள், ஒரே ஒரு திரை

எடை குறைந்த மடிக்கணினியுடன் இரண்டு மானிட்டர்களை இணைக்க முனைவோர், அதன் விளிம்பில் எத்தனை துளைகள் உள்ளன என்பதையே முதலில் எண்ணிப் பார்க்கின்றனர். எத்தனை திரைகளில் தனித்தனிப் படம் தோன்றும் என்பதையோ கணினியின் சில்லுக்குள் அமைந்த காட்சிப் பொறிகளின் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. காட்சிப் பொறி என்பது நினைவகத்தில் உள்ள படத்தை எடுத்து, நொடிக்கு அறுபது முறை, வரிவரியாகத் திரைக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கும் மின்சுற்று. தனிப் படம் வேண்டும் ஒவ்வொரு திரைக்கும் அத்தகைய ஒரு பொறி வேண்டும். 2020 நவம்பரில் வெளிவந்த எம்1 மேக்புக் ஏர் 1.29 கிலோ எடை கொண்டது, விசிறி இல்லாதது, இரண்டு தண்டர்போல்ட் துளைகள் உடையது. ஆனால் அதன் சில்லு, கணினியின் சொந்தத் திரையைத் தவிர ஒரே ஒரு மானிட்டரை மட்டுமே இயக்கவல்லது. அதே ஆண்டின் தொடக்கத்தில் இன்டெல் சில்லுடன் வந்த ஏர் இரண்டு 4கே மானிட்டர்களை இயக்கியது என்பதால், பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கியவர் இந்தக் குறையை ஐயுறுவதற்குக் காரணமே இருக்கவில்லை. விவரக்குறிப்பில் ஒரு வரியாக அது அச்சிடப்பட்டிருந்தது உண்மைதான். வேகத்தையும் மின்கலத்தின் ஆயுளையும் புகழ்ந்து தள்ளிய விமர்சகர்களில் எத்தனை பேர் அந்த வரியை உரக்கப் படித்தனர் என்பது வேறு கேள்வி.

இரண்டு மானிட்டர்கள் எதற்கு என்று கேட்போர் உண்டு. அண்மை ஆண்டுகளில் சென்னைப் புத்தகக் காட்சி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் ஜனவரியை ஒட்டி நடைபெற்று வருவதால், பக்க வடிவமைப்பையும் மெய்ப்புத் திருத்தத்தையும் தொழிலாகக் கொண்டு அத்திடலைச் சுற்றியே வாழும் ஒருவருக்கு டிசம்பர் என்பது உறக்கம் குறைந்த மாதம். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தி, ஸ்கேன் செய்து அனுப்பிய மெய்ப்பு ஒரு திரையிலும், இன்டிசைனில் திறந்த பக்கங்கள் மற்றொரு திரையிலும், அடிக்குறிப்புகளோ சொல்லடைவோ மடிக்கணினியின் சிறு திரையிலும் இருந்தால்தான் கண் ஒரே ஓட்டத்தில் ஒப்பிட முடியும். சன்னல்களை மாற்றி மாற்றித் திறக்கும்போது தப்பிப்போகும் ஒற்றெழுத்து, அச்சேறிய பின்னரே பல்லிளிக்கும். இத்தகைய பணிக்கு 24 அங்குல முழு எச்டி மானிட்டர்கள் இரண்டு போதும். 4கே வேண்டும் என்று வற்புறுத்துவோர் திரைப்படம் பார்ப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

பணத்தையும் நாள்களையும் ஒருசேர விழுங்கும் பிழை, எம்எஸ்டி வகை டாக்கை எம்1 ஏருக்கு வாங்குவது. டாக் என்பது ஒரே கேபிளில் மின்சாரம், படம், தரவு ஆகிய மூன்றையும் வாங்கிப் பல துளைகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி. எம்எஸ்டி என்பது 2010இல் டிஸ்பிளேபோர்ட் 1.2 தரத்துடன் வந்த உத்தி. ஒரே கம்பியில் பல மானிட்டர்களுக்கான படங்களைத் தொகுத்து அனுப்பி, மறுமுனையில் பிரித்துக் கொள்வது அதன் வேலை. விண்டோஸ் இதை ஏற்கிறது. மேக்ஓஎஸ் அமைப்போ இவ்வகையில் பல மானிட்டர்களுக்குத் தனித்தனிப் படம் தருவதில்லை. எம்எஸ்டி டாக்கில் இரண்டு மானிட்டர்களைச் செருகினால் இரண்டிலும் ஒரே படம்தான் நகலாகத் தோன்றும். எம்1 கணினியில் இதற்கு மேலும் ஒரு தடை இருக்கிறது: வெளி மானிட்டர்களுக்குப் பிரித்தனுப்ப இரண்டாவது பொறியே அதில் இல்லை.

இந்த இடத்தில்தான் விற்பனையாளரின் சொல் வாங்குபவரைக் கவிழ்க்கிறது. நந்தனத்தைச் சேர்ந்த ஒரு பக்க வடிவமைப்பாளருக்கு நேர்ந்தது இது: கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, அவருடைய கணினியிலேயே டாக்கைச் செருகி, இரண்டு மானிட்டர்களும் ஒளிர்ந்தவுடன், “ரெண்டும் வருது பாருங்க சார்” என்றார். வந்தது உண்மை, இரண்டிலும் அதே பின்புலப் படம், அதே கோப்பு அடையாளங்கள், மேல் மூலையில் அதே கடிகாரம். பகட்டான விளக்கொளியில் ஒரு மானிட்டரைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பவருக்கு அது வேறு திரையாகப் படுமேயன்றி நகலாகப் படாது. வீட்டுக்கு வந்து ஒரு சன்னலை இழுத்து அடுத்த திரைக்குத் தள்ள முயன்றபோது அது விளிம்பில் முட்டி நின்றுவிட்டது. மறுநாள் கடையில் கிடைத்த விடை: “ஓப்பன் பண்ணின பாக்ஸ் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார், விண்டோஸ் லேப்டாப்ல செக் பண்ணுங்க, நல்லா வேலை செய்யும்.” பெட்டியைத் திறந்தது கடைக்காரரே என்பதை நினைவூட்டியும் பயனில்லை. விண்டோஸில் அது நன்றாகவே வேலை செய்தது என்பதும், எனவே டாக்கில் பழுது என்று வாதிட இடமில்லாமல் போனதும்தான் இதில் எரிச்சலூட்டும் பகுதி.

தீர்வாக அமைந்தது டிஸ்பிளேலிங்க். 2020இல் சினாப்டிக்ஸ் நிறுவனம் கையகப்படுத்திய இத்தொழில்நுட்பம் காட்சிப் பொறியையே சுற்றிக்கொண்டு போகிறது: கணினியில் நிறுவப்படும் மென்பொருள், இல்லாத ஒரு திரையை இருப்பதாகக் கணினிக்குக் காட்டி, அத்திரைக்குரிய படத்தைச் சுருக்கிச் சாதாரண யுஎஸ்பி தரவாக அனுப்புகிறது, மறுமுனையில் உள்ள சில்லு அதை விரித்து மானிட்டருக்குத் தருகிறது. இதைப் பரிந்துரைத்தாலே முகம் சுளிப்போர் கூறும் குறைகள் மூன்று, மூன்றும் உண்மையே. திரையைப் பதிவு செய்யும் அனுமதியை அம்மென்பொருளுக்கு வழங்கியாக வேண்டும். பதிப்புரிமைக் காப்புள்ள திரைப்படச் சேவைகள் அந்தத் திரையில் கறுப்பாகத் தோன்றும். படத்தைச் சுருக்கும் உழைப்பு மையச் செயலியின் மீது விழுவதால், விசிறியில்லாத கணினி அக்கினி நட்சத்திர நாள்களில் சூடேறும். ஆனால் மெய்ப்புத் திருத்துபவரின் திரையில் எழுத்துகள் நகராமல் நிற்கின்றன. நகராத படத்துக்குச் சுருக்கும் வேலையும் மிகக் குறைவு. விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் பொருந்தாத கருவி பக்க வடிவமைப்புக்கும் பொருந்தாது என்று முடிவு கட்டுவது, பிறர் தொழிலை அறியாதோர் செய்யும் முடிவு.

இதில் பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இரண்டு மானிட்டர்களையும் டிஸ்பிளேலிங்க் வழியே ஓட்ட வேண்டியதில்லை. முதல் மானிட்டரைக் கணினியின் துளையில் நேரடியாகச் செருகி, சில்லில் வெளி மானிட்டருக்கென உள்ள ஒரே பொறியை அதற்கு ஒதுக்கி, அதில் வண்ணமும் பக்கங்களும் வைத்துக்கொண்டு, இரண்டாவது மானிட்டருக்கு மட்டும் டிஸ்பிளேலிங்க் சில்லுள்ள சிறு அடாப்டரை வாங்கினால் பெரிய டாக்கே தேவைப்படாது; சூடும் செலவும் ஒருங்கே குறையும்.

“பேசாமல் ப்ரோ வாங்கியிருக்கலாமே” என்று பிற்பாடு அறிவுரை கூறுவோர் அறியாத செய்தி, எம்1 சில்லுடன் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவுக்கும் அதே ஒரு மானிட்டர் வரம்புதான் இருந்தது என்பது. 2021இல் எம்1 ப்ரோ சில்லுடன் வந்த 14 அங்குலக் கணினி இரண்டை இயக்கியது. அதன் எடை 1.6 கிலோ, விலையோ ஏரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 2022இல் எம்2 ஏர் வந்தபோதும் வரம்பு மாறவில்லை. 2024 மார்ச்சில் வந்த எம்3 ஏர், மூடியை மூடி வைத்தால் மட்டும் இரண்டு மானிட்டர்களை இயக்கியது. சொந்தத் திரைக்குரிய பொறியை அப்போது இரண்டாவது மானிட்டருக்குத் திருப்பிவிடுகிறது. மூடி திறந்திருக்கும்போதே இரண்டும் இயங்குவது 2025 மார்ச்சில் வெளிவந்த எம்4 ஏரில்தான் வாய்த்தது. இரண்டாங்கைக் கணினி வாங்க எண்ணுவோர் இந்த ஆண்டுகளை மனத்தில் கொள்வது நல்லது. விற்பவர் இதைச் சொல்லப்போவதில்லை.

கேபிள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கைப்பேசிகளுடன் வரும் சி வகைச் சார்ஜிங் கேபிள்கள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 கம்பிகளை மட்டும் கொண்டவை என்பதால், அவற்றில் மின்சாரம் போகும், படம் போகாது. மலிவான ஹப்களின் எச்டிஎம்ஐ துளையில் 4கே படம் நொடிக்கு முப்பது முறையே புதுப்பிக்கப்படுவதும், அதனால் சுட்டி இழுபடுவதும் உண்டு. முழு எச்டிக்கு நொடிக்கு ஏறத்தாழ மூன்று கிகாபிட் போதுமானதால் அங்கு இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் கணினி வைத்திருப்போர், தம் சி வகைத் துளை படத்தையும் அனுப்பக்கூடியதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் எம்எஸ்டி டாக்கே அவர்களுக்குப் போதும்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, நந்தனத்திலிருந்து மெட்ரோவின் நீல வழித்தடத்தில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தொலைவு. மின்னணுப் பொருள்களுக்குச் சென்னையில் அதற்கு நிகரான தெரு இல்லை. மடிக்கணினியைக் கையோடு கொண்டுசென்று, அடாப்டருக்குரிய டிஸ்பிளேலிங்க் மென்பொருளை வீட்டிலேயே நிறுவிக்கொண்டு போக வேண்டும். கடையில் இரண்டு மானிட்டர்களும் ஒளிர்வதைக் கண்டு தலையசைக்காமல், ஒரு சன்னலைச் சுட்டியால் பிடித்து முதல் திரையிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து மடிக்கணினியின் திரைக்கும் இழுத்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் அது தடையின்றிக் கடந்த பிறகு, அடாப்டரில் உள்ள சில்லின் எண்ணையும் “மேக்கில் இரண்டு மானிட்டர்களில் தனித்தனிப் படம்” என்ற சொற்களையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போக அந்தத் தெருவில் பத்தடி நடந்தால் போதும்.