ஜப்பானியத் தேநீர்ச் சடங்குப் பாத்திரங்கள்: விலை எங்கிருந்து வருகிறது?

ஒரு சரக்கின் விலை எதனால் ஏறுகிறது என்பதை அறிய விரும்பும் வணிகப் பெருமக்களுக்கு ஜப்பானியரின் தேநீர்ச் சடங்கு நல்ல பாடமாகும். 'மாட்சா' எனும் பச்சைத் தேயிலைத் தூளை வெந்நீரில் கலக்கி விருந்தினருக்குக் கொடுப்பதே இச்சடங்கு. இதற்கு வேண்டியவை இரும்பு வெந்நீர்ப் பானை, மூங்கில் அகப்பை, தூள் சிமிழ், தூளை அள்ளும் மூங்கில் கரண்டி, கலக்கும் மூங்கில் மத்து, மண் கிண்ணம். பொன்னும் வெள்ளியும் கட்டாயமில்லை.

இக்கலையை வளர்த்தவர்களில் பலர் நம் இனத்தாரே, அதாவது வியாபாரிகள்! பெரும் ஆசானாகிய சென் நோ ரிக்கியூ (1522-1591) சக்காய் துறைமுகத்து வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். ஓடு செய்யும் சோஜிரோ என்பவரைக் கொண்டு அவர் செய்வித்த கைவனைவுக் கிண்ணங்களே பின்னாளில் 'ராக்கு' எனப் புகழ் பெற்றன.

அதே சக்காய் ஊர் வணிகர் சுக்கெசாஎமொன் 1594இல் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலிருந்து ஐம்பது ஜாடிகளைக் கொண்டுவந்தார். சீனத்தில் சாமான் அடைக்கச் செய்த சாதாரண ஜாடிகள்தாம் அவை. ஆனால் தேயிலையைக் கெடாமல் வைக்க உகந்தவை என்று ஜப்பானில் பெயர் இருந்தது. ஆட்சியாளர் ஹிடெயோஷி அவற்றை ஒசாகா கோட்டையில் பரப்பி விலை குறித்தார். பிரபுக்கள் போட்டியிட்டு வாங்கினர் என்று பழைய வரலாற்று நூல் கூறுகிறது. மண் அதேதான், சந்தைதான் வேறு.

நாம் அதிகம் கவனிக்க வேண்டியது பெட்டியை. மதிப்புள்ள கிண்ணம் மரப்பெட்டியில் இருக்கும். கிண்ணத்தின் பெயர், செய்தவர் பெயர், சில வேளை தேநீர் ஆசானின் கையெழுத்து ஆகியவை மூடியில் இருக்கும். பெட்டி தொலைந்தால் விலை இறங்கும். வேறொன்றின் பெட்டியோடு சேர்த்த பொருளும் சந்தையில் உண்டு. அதை 'அவாசெபாக்கோ' என்பர். அது எப்போதும் மோசடியல்ல. ஆயினும் விற்பவர் அதைச் சொல்லாமல் விற்றால் வாங்குபவர் ஏமாந்தவரே. நம் கடை பில்லையும் உத்தரவாதச் சீட்டையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

மூங்கில் மத்து இதற்கு நேர்மாறான சரக்கு. நாரா பகுதியிலுள்ள தக்கயாமாவில் ஒரே மூங்கில் துண்டை மயிரிழை போன்ற பற்களாகக் கையால் பிளந்து செய்கிறார்கள். பல் ஒடிந்தால் புதிது வாங்கியாக வேண்டும். ஆதலால் ஓயாமல் ஓடும் சரக்கு. வெளிநாட்டில் செய்த மலிவு மத்துகளும் ஜப்பானில் ஏராளம், பார்வைக்கு வேறுபாடு தெரியாது. மாட்சா சாமான் தருவிக்க நினைப்போர், செய்த ஊர் எதுவென்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நலம்.