வெப்சைட் செய்யும் சேத்தியாத்தோப்புத் தம்பிக்கு



சேத்தியாத்தோப்பிலேயே இருந்துகொண்டு பள்ளிக்கூடம், நெல் மண்டி, கல்யாண மண்டபம் என்று வெப்சைட் செய்து கொடுக்கிறாயாம். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. நிறம், வடிவம், வேகம் எல்லாம் வேலை செய்யச் செய்ய வந்துவிடும். நான் எழுத நினைத்தது டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரைப் பற்றி. பில்லில் அது ஒரே ஒரு வரி, அதனால் யாரும் அதை நின்று பார்ப்பதில்லை.

டொமைன் பெயரை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை வாடகைக்கு எடுக்கிறோம். நீ பணம் கட்டும் கம்பெனிக்கு மேலே, அந்தப் பெயர்களின் மொத்தப் பதிவேட்டையும் வைத்திருக்கும் அமைப்பு ஒன்று உண்டு. .காம் பதிவேடு வெரிசைன் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. நம் .இன், நிக்ஸியிடம் இருக்கிறது. அது 2003-ல் தொடங்கிய லாப நோக்கமற்ற நிறுவனம், மத்திய மின்னணு அமைச்சகத்தின் கீழ் வருவது. உலகப் பெயர்களுக்கெல்லாம் விதி வகுப்பது 1998-ல் கலிபோர்னியாவில் பதிவான ஐகான். 2016 அக்டோபர் வரை அதன் முக்கியப் பணிகள் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்பந்தத்தில் நடந்தன.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று தோன்றினால் .ஆர்க் கதையைக் கேள். மதுரைத் திட்டம், ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம், தமிழ் விக்கிப்பீடியா எல்லாம் .ஆர்க் முகவரியில்தான் இருக்கின்றன. பலர் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து சேர்த்த சொத்து அது. 2019 நடுவில் .ஆர்க் விலைக்கு இருந்த உச்சவரம்பை ஐகான் எடுத்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், அந்தப் பதிவேட்டை நடத்தும் பொதுநல அமைப்பை ஈத்தோஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அந்த நிறுவனமே அதே ஆண்டில்தான் முளைத்தது. வாங்குவதற்காக எடுக்கும் 36 கோடி டாலர் கடனை அந்த அமைப்பின் தலையிலேயே ஏற்றுவது ஏற்பாடு. அந்தக் கடனை அடைக்கப் பணம் யாரிடமிருந்து வரும்? ஆண்டுதோறும் பெயரைப் புதுப்பிக்கிறவர்களிடமிருந்துதான்.

உலகெங்கும் தொண்டு அமைப்புகள் எதிர்த்தன. ஐகான் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தது. 2020 ஏப்ரல் நடுவில் கலிபோர்னியா மாநிலத் தலைமை வழக்கறிஞர் இந்த விற்பனைக்கு அனுமதி தரக் கூடாது என்று கடிதம் எழுதினார். ஐகான் அந்த மாநிலத்தில் பதிவான பொதுநல அமைப்பு என்பதால் கேள்வி கேட்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. ஏப்ரல் 30 அன்று ஐகான் மறுத்துவிட்டது. விற்பனை நின்றது. கேள்வி கேட்க மக்களுக்குப் பதில் சொல்லும் அதிகாரி ஒருவர் இருந்தார் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

.காம் நிலைமை வேறு. 2012 முதல் 7.85 டாலரில் நின்றிருந்த அதன் மொத்த விற்பனை விலையை உயர்த்த 2018-ல் அமெரிக்க அரசு வழிவிட்டது. 2024 செப்டம்பரில் அது 10.26 டாலர். சேத்தியாத்தோப்பு மண்டிக்காரர் கட்டும் தொகையை வாஷிங்டனில் பேசி முடிக்கிறார்கள், அதில் நமக்கு ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை. நம் ஊர் வேலைக்கு நம் அரசின் கீழ் வரும் .இன் எடு என்று நான் சொல்வது இதனால்தான்.

அரசு என்றாலே நல்லது என்று சொல்லவில்லை. நிக்ஸியும் பதிவேட்டை ஓட்டும் தொழில்நுட்ப வேலையை ஒப்பந்தத்தில் தனியாருக்குத்தான் கொடுக்கிறது. அதில் தவறில்லை. நம் ஊர் வெள்ளாற்று அணைக்கட்டைப் பார்: ஷட்டரை எந்தக் கான்ட்ராக்டரின் ஆள் வேண்டுமானாலும் ஏற்றலாம், எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதை நீர்வளத்துறை சொல்ல வேண்டும், அந்தக் கணக்கை விவசாயி கேட்க முடிய வேண்டும். வங்கிகளை ரிசர்வ் வங்கி 2025 அக்டோபருக்குள் .பேங்க்.இன் முகவரிக்கு மாறச் சொன்னது பொது அதிகாரம் நன்மை செய்ததற்கு நல்ல உதாரணம். அந்தப் பெயரை ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி மட்டுமே பதிவு செய்து தரும், போலி வங்கித் தளம் போடுகிறவனுக்கு அது கிடைக்காது. ஆனால் அதே அதிகாரம் விதி எழுதாமல், காரணம் சொல்லாமல், ஒருவர் பெயரை முடக்கக் கிளம்பினால் அதையும் நீ எதிர்க்க வேண்டும்.

இனி உன் மேசைக்கு வருகிறேன். பெயரைப் பதிவு செய்யும்போது உரிமையாளர் இடத்தில் வாடிக்கையாளர் பெயரும் அவர் தினமும் பார்க்கும் மின்னஞ்சலும் இருக்கட்டும். பலர் வசதிக்காகத் தங்கள் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். நாளைக்கு நீ சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பள்ளிக்கூடம் தன் பெயரைக் கேட்டு உன்னைத் தேடி அலைய வேண்டும். பெயரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளத் தேவையான குறியீடும் உன்னிடம்தான் இருக்கும். புதுப்பிக்கத் தவறினால் .காம் பெயர் சில வாரங்களில் மீட்புக் கட்டத்துக்குப் போகும். அங்கே 30 நாள், தண்டம் கட்டித்தான் எடுக்க முடியும். அடுத்த 5 நாளில் பதிவேட்டிலிருந்து நீங்கும், பிறகு முந்துகிறவன் எடுத்துக்கொள்வான். பள்ளிக்கூடம் இருந்த முகவரியில் சூதாட்டத் தளம் வருவது இப்படித்தான்.

இந்த வாரமே நீ செய்து கொடுத்த தளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஹூயிஸ் என்ற டொமைன் விவரப் பதிவைத் திறந்து காலாவதித் தேதியைக் குறித்துக்கொள். கணக்கில் உன் பெயர் உரிமையாளராக இருந்தால் அவர்கள் பெயருக்கு மாற்றி, பாஸ்வேர்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வா, தம்பி.