பொற்பனைக் கோட்டையும் நடுவணரசின் இசைவும்

புதுக்கோட்டை நகரினின்று கிழக்கே ஏறக்குறைய நான்கு கல் தொலைவில் பொற்பனைக் கோட்டை என்னும் சிற்றூர் உளது. கோட்டை என்ற பெயரைக் கேட்டுச் செஞ்சியையோ திருமயத்தையோ மனத்திற்கொண்டு செல்வார் ஏமாற்றமே அடைவர். உயர்ந்த கன்மதிலும் பீரங்கி மேடையும் ஆங்கு இல. வளைந்து செல்லும் மண்மேடும், அதனை அடுத்துத் தூர்ந்த அகழியும், இடையிடையே செங்கற் சிதைவுமே காணப்படுவன. ஆயினும், மதில், எயில், கிடங்கு என்னுஞ் சொற்களைச் சங்க நூல்களில் உரையோடு உருப்போட்டுத் தேர்வெழுதும் நம்மனோர்க்கு, அச்சொற்கள் குறித்த பொருளைக் கண்முன் நிறுத்தவல்ல இடங்கள் தமிழகத்தில் மிகச் சிலவே. அவற்றுள் இஃதொன்று. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று முன்னரே இவ்வூரிற் கிடைத்தமையின், அறிஞர்தம் நோக்கம் இதன்பாற் சென்றிருந்தது.

2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தார் இங்கு அகழ்வாராய்ச்சி செய்தனர். தொலைவிலிருப்பார்க்கு அஞ்சல் வழியே பாடம் அனுப்பும் கழகம் என்று நாம் எண்ணியிருந்த ஒன்று, மண்வெட்டியும் அளவுநாடாவும் ஏந்திப் புதுக்கோட்டைச் செம்மண்ணில் இறங்கியது வியப்பிற்குரியதே. பின்னர் 2023-இலும் 2024-இலும் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறையினர் அப்பணியை மேற்கொண்டனர். 2023-ஆம் ஆண்டு அகழ்வில் செங்கற் கட்டுமானமும், சிறு பொன்னணியும், சூதுபவள மணியும், எலும்பாலாய கூர்முனைக் கருவியும் கிடைத்தன.

நிற்க. ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டது அப்பொருள்களின் பெருமையன்று. சென்னையில் உள்ள பல்கலைக் கழகம் புதுக்கோட்டையில் ஒரு குழி தோண்ட, தில்லியின் இசைவு வேண்டப்பட்டது. அஃது ஏன்? அவ்விசைவு ஒரு பல்கலைக் கழகத்தை எவ்வாறு பிணிக்கின்றது? பிணித்தல் தகுமா? இவையே நம் வினா.

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள. நாட்டு முதன்மை வாய்ந்தன எனப் பாராளுமன்றம் சட்டத்தால் அறிவித்த தொல்லிடங்கள் நடுவண் பட்டியலின் 67-ஆம் பதிவைச் சாரும். அங்ஙனம் அறிவிக்கப்படாத தொல்லிடங்களும் எச்சங்களும் பொதுப் பட்டியலின் 40-ஆம் பதிவைச் சாரும். நூல்நிலையம், காட்சிசாலை, நாட்டு முதன்மை பெறாத பழஞ்சின்னம் ஆகியன மாநிலப் பட்டியலின் 12-ஆம் பதிவைச் சாரும். எனவே ஒரு மண்மேட்டின் மீது இரண்டு அரசுகளுக்கும் உரிமை உண்டு. இப்பொதுவுரிமையைக் கொண்டே 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள், தொல்லிடங்கள், எச்சங்கள் பற்றிய சட்டம் தன் 24-ஆம் பிரிவில் ஒரு விதி வகுத்தது. பாதுகாக்கப்பட்ட பகுதியல்லாத இடத்திலும், நடுவணரசின் முன்னிசைவின்றி மாநில அரசு தானும் அகழ்தல் கூடாது, பிறர்க்கும் அகழ உத்தரவு அளித்தல் கூடாது என்பதே அது. தொடங்கும் நாளுக்கு மூன்று திங்கள் முன்னரேனும் இடமும் பரப்பும் நோக்கமும் வரைபடத்தோடு தெரிவித்தல் வேண்டும் என்பது அதன்கீழ் எழுந்த விதிமுறை. நடுவண் தொல்லியல் அறிவுரைக் குழுவின் நிலைக்குழு விண்ணப்பங்களை ஆராய, இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் இசைவளிப்பர்.

கல்வியும் இங்ஙனமே இருதலை உடையது. பல்கலைக் கழகங்களை நிறுவுதல் மாநிலத்திற்கு உரியது. உயர்கல்வி ஆராய்ச்சி ஆகியவற்றின் தரத்தை ஒருப்படுத்தல் நடுவணரசிற்கு உரியது. கல்வி என்னும் பதிவே 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் திருத்தத்தால் மாநிலப் பட்டியலினின்று பொதுப் பட்டியலுக்குச் சென்றது. ஆகவே அகழச் செல்லும் பல்கலைக் கழகம் ஆசிரியர் நியமனத்திற்கு ஒரு வாயிலிலும், பொருளுதவிக்கு மற்றொன்றிலும், மண்ணைத் தொடுதற்கு வேறொன்றிலும் நிற்க வேண்டியதாகின்றது.

இத்தகைய விதி அறிவின் உரிமைக்கு விலங்கு அன்றோ என்று சிலர் சினப்பர். யானும் முதலில் அவ்வாறே கருதுதற்கு இடமுண்டென எண்ணினேன். ஆராயுங்கால் அக்கருத்து நிலைபெறவில்லை. என்னை? ஏட்டுச் சுவடியைப் படிப்பார் பலர். ஒருவர் பிழைபடப் படிப்பினும் சுவடி எஞ்சி நிற்கும். பிறனொருவன் வந்து திருத்துவான். மண்ணடுக்கோ அத்தகையதன்று. மேலடுக்கை நீக்கினால்தான் கீழடுக்குத் தோன்றும். நீக்கியதை மீண்டும் முன்போல் அமைக்க ஒருவராலும் இயலாது. எப்பொருள் எவ்வாழத்தில் எதனோடு கிடந்தது என்னும் குறிப்பை எழுதாது எடுத்த பானையோடு, வெறும் ஓடேயாம். கால்டுவெல் ஐயர் திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த காலத்தில் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து கண்டவற்றை 1877-இல் எழுதி வெளியிட்டார். அவர்க்குத் தடையாக அக்காலத்தில் இத்தகைய சட்டம் ஒன்றும் இல்லை. புதையற் சட்டமும் அடுத்த ஆண்டிலேதான் பிறந்தது. அவர்போலும் பொறுப்புடையார் கையில் விதியின்மை தீங்கு செய்யவில்லை. பொன்னாசை கொண்டு முதுமக்கள் தாழிகளை உடைத்தெறிந்தாரும் அவ்விதியின்மையைத் தானே பயன்கொண்டனர்! ஆதலின் இசைவு கேட்டல் வேண்டும் என்பதில் நமக்கு வழக்கில்லை.

வழக்கு வேறிடத்தில் உளது. இசைவு அளிக்கும் கை, அளித்தபின் அகழ்வோனிடம் அறிக்கையை எதிர்நோக்குகின்றது. அக்கடமை அளிப்போனுக்கும் ஒக்கும். இதில் நடுவண் துறையின் பழம்புகழ் சிறிதன்று. ஆங்கிலேயராட்சியின் இறுதியில் தலைமை இயக்குநராயிருந்த மார்ட்டிமர் வீலர் 1945-இல் புதுவைக்கருகே அரிக்கமேட்டை அகழ்ந்தார். அதன் நீண்ட அறிக்கை 1946-ஆம் ஆண்டிலேயே துறையின் வெளியீடாகிய 'பண்டைய இந்தியா' இரண்டாம் இதழில் அச்சேறியது. அதே இதழில் கே. ஆர். சீனிவாசன் என்பார், தென்னாட்டுப் பெருங்கற் புதைகுழிகளையும் தாழிகளையும் தமிழிலக்கியத்தோடு ஒப்புநோக்கி ஒரு கட்டுரை எழுதினார். புறநானூற்றில் குயவனை விளித்துத் தாழி வனையச் சொல்லும் பாட்டுகளைக் கற்கும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறியத்தக்க கட்டுரை அது. மண்ணும் நூலும் ஓரிதழில் அடுத்தடுத்து நின்ற காட்சி அது. அத்தகைய காட்சி பிற்காலத்தில் அரிதாயிற்று.

ஆதிச்சநல்லூரில் அதே துறை 2004, 2005-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தது. 2019-ஆம் ஆண்டு வந்தும் அதன் அறிக்கை வெளிவரவில்லை. கீழடியின் வரலாறு யாவரும் அறிந்ததே. 2014 முதல் நடுவண் துறை மூன்று பருவம் அகழ்ந்தது. முதலிரு பருவங்களை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணன் 2017-இல் அசாமிற்கு மாற்றப்பட்டார். 2018 முதல் மாநிலத் துறை அப்பணியைத் தொடர்ந்து, கி. மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்லும் காலக் கணிப்பை 2019-இல் வெளியிட்டது. முதலிரு பருவங்களின் அறிக்கையை அவர் 2023 சனவரியில் அளித்தார். 2025 மேத்திங்களில் திருத்தங்கள் வேண்டுமென்று துறை அதனைத் திருப்பியது. தம் முடிபுகள் சான்றோடு கூடியனவே என அவர் விடையிறுத்தார். இருதிறத்தாருள் யார் கூற்று மெய் என்று பத்தொன்பது வயதினன் தீர்ப்புச் சொல்லப் புகுதல் தகாது. ஆயினும் ஒன்று கூறலாம். அறிக்கையை அச்சிட்டு, மறுப்புரையையும் அதனோடு அச்சிட்டிருப்பின், கற்றோர் எல்லாரும் இரண்டையும் ஒப்பிட்டிருப்பர். அச்சேறாமையால் அறிஞர் அவையில் நிகழவேண்டிய சொற்போர் அரசியன் மேடையில் நிகழ்ந்தது.

இவ்விடத்திலேதான் பல்கலைக் கழகத்தின் தனிப்பயன் விளங்கும். நடுவண் துறையும் மாநிலத் துறையும் அரசின் உறுப்புகள். ஒன்று கூறுவதை மற்றொன்றைச் சார்ந்தார் ஐயுறுதல் இயல்பு. பல்கலைக் கழகமோ இரண்டிற்கும் புறத்தே நிற்க வல்லது. பழனிக்கு அருகே பொருந்தல் என்னும் ஊரில் புதுவைப் பல்கலைக் கழகப் பேராசிரியர் கா. இராசன் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது, ஒரு புதைகுழியில் நான்கு காலுடைய சாடி நிறைய நெல்லும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த தாங்கியும் ஒருங்கே கிடைத்தன. நெல்மணி அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் கரிமக் கணிப்புக்கு உட்பட்டு, கி. மு. 490 என்னும் விடை வந்தது. தமிழெழுத்தின் பழமை அசோகனுக்குப் பிற்பட்டதென்னும் கொள்கை அன்று அசைந்தது. ஒரு கணிப்புப் போதாதென்று தயங்கியவரும் உளர், தயங்கியதும் நன்றே. நோக்கற்பாலது, அப்பல்கலைக் கழகம் நடுவணரசினால் நிறுவப்பெற்றது என்பதும், அதன் முடிபை எவரும் தில்லியின் கருத்தென்றோ சென்னையின் கருத்தென்றோ தள்ளவில்லை என்பதுமாம். நெல்லும் எழுத்தும் நின்று பேசின.

கணிப்பு என்றவுடன் பொருட்செலவு நினைவிற்கு வரும். 2025 சனவரியில் தமிழ்நாட்டரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய நூலுக்காக, மாதிரிகள் அமெரிக்காவிற்கு மட்டுமன்றி, இலக்னோவின் பீர்பால் சகானி நிலையத்திற்கும் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்திற்கும் அனுப்பப்பட்டன. ஒரு கூடத்தின் சொல்லை மற்றொரு கூடம் சரிபார்ப்பதற்கே இவ்வேற்பாடு. அரசுக் கருவூலத்திற்கு இஃதெளிது. கல்லூரித் துறையொன்றிற்கு எளிதன்று. 2023-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. ஐந்தாண்டிற்கு 50,000 கோடி உரூபா என்று திட்டம் பேசுகின்றது. அதிற் பெரும்பகுதி அரசல்லாதாரிடமிருந்து வரும் என எதிர்நோக்கப்படுகின்றது. இயற்கை நூல், பொறியியல், மருத்துவம், வேளாண்மை முதலியவற்றிற்குக் கதவம் அகலத் திறந்திருக்க, மொழி, வரலாறு முதலிய கலைகளுக்கு அவை அறிவியலோடு கூடுமிடத்தில் மட்டும் சிறு வாயில் விடப்பட்டுளது. இலக்கணம் கற்பார் அவ்வாயிலுள் நுழைதல் அரிது. ஆனால் பானையோட்டின் எழுத்தைப் படிப்போனும், அவ்வோட்டோடு கிடந்த கரியின் காலத்தைக் கணிப்போனும் சேர்ந்து சென்றால் வாயிற்காவலன் மறுக்க இயலாது. பல்கலைக் கழகங்கள் இக்கூட்டை நாடுதல் வேண்டும். இன்றோ தமிழ்த்துறையும் வேதியியற்றுறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று ஆண்டு விழாவிலன்றிக் காண்பதில்லை!

மீண்டும் புதுக்கோட்டைக்கு வருவோம். தொண்டைமான் மன்னர் ஆண்ட நாளில் ஆராய்ச்சிக்கும் அரசிற்கும் இடையே இத்துணைத் தொலைவு இருந்ததில்லை. 1910-இல் காட்சிசாலை தோன்றிற்று. மன்னர் கல்லூரித் தலைவராயிருந்த எஸ். இராதாகிருஷ்ண ஐயர் 1916-இல் அந்நாட்டின் பொது வரலாற்றை எழுதினார். 1929-இல் கல்வெட்டுகள் காலமுறைப்படி தொகுத்து அச்சிடப்பட்டன. 1938 முதல் 1944 வரை சமஸ்தானத்தின் விரிவான கையேடு மூன்று பகுதிகளாய் வெளிவந்தது. 1948-இல் இந்தியாவோடு இணைந்த இச்சிறு நாடு, தன் கற்களைத் தானே படித்து அச்சேற்றிவிட்டே சென்றது. அரண்மனையும் கல்லூரியும் காட்சிசாலையும் ஓரூரில் இருந்தமையே அவ்விரைவிற்குக் காரணம். அந்நெருக்கத்தில் ஒரு குறையும் உண்டு: அரசனது ஊதியம் பெறுவோன் அரசனது முன்னோரைப் பற்றி எழுதுங்கால் எழுதுகோல் சற்றே வளையும். இக்காலத்துத் தொலைவு அவ்வளைவைப் போக்கியது. விரைவையும் உடன் போக்கியது.

1974-இல் உருவான இம்மாவட்டத்திற் சித்தன்னவாசல் முதலிய பல இடங்களில் பெருங்கற்காலக் கல்வட்டங்கள் வெறுவெளியிற் கிடக்கின்றன. கல்லுடைப்போரும் சாலைக்கு மண் எடுப்போரும் தில்லியின் இசைவிற்காக மூன்று திங்கள் காத்திருப்பதில்லை. குழி தோண்டாது நிலமேல் நோக்கிக் குறித்தலோ அகழ்வன்று. அதற்கு அவ்விசைவு வேண்டுவதில்லை. நம் கல்லூரியிற் புதுக்கோட்டைச் சீமையினின்று வந்த மாணவர் பலர் உளர். கோடை விடுமுறையில் ஊர் திரும்புவோர், தத்தம் ஊரெல்லையிற் கண்ட கல்வட்டம், தாழிவிளிம்பு, நடுகல், இரும்புக் கசடு ஆகியவற்றை ஊர்ப்பெயர், புல எண், திசை, அளவு என்னும் நான்கோடு எழுதி, நிழற்படத்தோடு தமிழ்த்துறையிற் சேர்ப்பின், ஓராண்டிற்குள் ஒரு தொகுதி அமையும். அதன் படியொன்று திருக்கோகர்ணத்துக் காட்சிசாலைக்கும், மற்றொன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கும் செல்லவேண்டும். அங்ஙனம் செல்லின், அடுத்த முறை ஒரு பல்கலைக் கழகம் இப்பகுதியில் அகழ விண்ணப்பிக்குங்கால் இடமும் பரப்பும் காட்டும் வரைபடத்திற்கு வேண்டும் குறிப்புகள் ஆயத்தமாய் இருக்கும். தமிழ்த்துறையில் இதற்கெனக் கோடிட்ட பதிவேடு ஒன்று வாங்கினால் போதும். முதற்பக்கத்தில் எழுதுதற்கு எம்மூர்க் கண்மாய்க்கரைக் கல்வட்டங்கள் மூன்று உள.